ஒரு ஹோம் ரன் எத்தனை சிங்கிளுக்குச் சமம்?



இந்த அரங்கில் கிரிக்கெட் தெரியாதவர் ஒருவரும் இருக்கமாட்டார். பேஸ்பால் தெரிந்தவர் நாலைந்து பேர் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. ஆகவே தெரிந்த ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கயிற்றைத் தொட்டால் நான்கு ரன். பலகையில் உடனே ஏறிவிடும். அந்த அடி எவ்வளவு பெறும் என்று யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. பேஸ்பாலில் ஒருவர் நன்றாக அடித்துவிட்டு முதல் பேஸில் போய் நிற்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. பலகையைப் பார்த்தால் பழைய எண்தான் இருக்கிறது. அப்படியானால் அந்த அடிக்கு என்ன மதிப்பு? சைபரா? இல்லையே, எல்லோரும் கைதட்டினார்களே! நூற்றைம்பது வருடமாக அமெரிக்காவில் இந்தக் கேள்வியோடு மல்லாடியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

விதிகளை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவோம். மைதானத்தில் நான்கு பேஸ்கள். நான்காவதன் பெயர் ஹோம். பேட்டர் நிற்கிற இடமும் அதுவே. அங்கிருந்து புறப்பட்டு மூன்று பேஸையும் தொட்டு ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். அடித்துவிட்டு முதல் பேஸில் நின்றால் சிங்கிள், இரண்டாவதில் நின்றால் டபுள், மூன்றாவதில் நின்றால் டிரிபிள். ஒரே அடியில் சுற்றி வந்துவிட்டால் ஹோம் ரன். ஏற்கெனவே பேஸ்களில் நிற்கிறவர்களும் அவரோடு வீடு சேர்வார்கள். பிட்சர் நான்கு பந்துகளை அடிக்க வாகான கட்டத்துக்கு வெளியே வீசினால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அது வாக். மூன்று பேர் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது. அப்போது பேஸ்களில் நின்றவர்கள் நின்றபடியே அம்போ. பாதி தூரம் வந்ததற்குப் பாதி ரன் கிடையாது. இந்தக் கடைசி விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கெழுத வந்தவர் கிரிக்கெட்காரர். ஹென்றி சாட்விக், 1824-ல் இங்கிலாந்தின் எக்சிட்டரில் பிறந்தவர், சிறுவனாகவே நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்தவர். கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர் பேஸ்பாலின் மேல் மோகம் கொண்டு, ஆட்டத்தின் விவரத்தை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கும் முறையை வளர்த்தெடுத்தார். கிரிக்கெட்டின் சராசரியும் அதே வழியில் அங்கே போய்ச் சேர்ந்தது. 1870-களில் அது இன்றைய வடிவத்துக்கு வந்தது: ஹிட்களை, அதாவது பேஸ் சேர்த்த அடிகளை, பேட்டிங் வாய்ப்புகளால் வகுத்துவிடு. அதுதான் பேட்டிங் சராசரி. 1876-ல் நேஷனல் லீக் தொடங்கியபோது முதல் பேட்டிங் சாம்பியனை இந்த எண்ணை வைத்தே அறிவித்தார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக .300 என்கிற எண் ஒரு பேட்டரின் சம்பளத்தையும் மரியாதையையும் தீர்மானித்தது.

இந்தச் சராசரிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. சிங்கிளும் ஒரு ஹிட், ஹோம் ரன்னும் ஒரு ஹிட். வாக் என்றால் கணக்கிலேயே இல்லை. அது பேட்டரின் திறமையல்ல, பிட்சரின் பிழை என்பது சாட்விக் காலத்து எண்ணம். 1887-ல் மட்டும் திடீரென்று ஞானோதயம் வந்து வாக்கையும் ஹிட்டாகவே சேர்த்தார்கள். செயின்ட் லூயிஸ் அணியின் டிப் ஓ'நீலுக்கு அந்த ஆண்டு சராசரி .492! வாயைப் பிளந்த லீக்காரர்கள் மறு வருடமே பழைய முறைக்கு ஓடிவிட்டார்கள். ஒன்றுமில்லை அல்லது முழு ஹிட், நடுவே எதுவும் கிடையாது என்று அவர்கள் நினைத்ததுதான் வேடிக்கை.

இதைப் போட்டுடைத்தவர் எஃப். சி. லேன். 'பேஸ்பால் மேகசின்' ஆசிரியர். பேட்டிங் சராசரியை மாற்ற வேண்டும் என்று 1916 மார்ச் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வாதம் எளிமையானது. உன்னிடம் பணம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், காசுகளை எண்ணி, என்னிடம் பன்னிரண்டு நாணயம் இருக்கிறது என்று சொல்லுகிறவனை என்ன செய்வோம்? அவற்றில் அரை டாலர் எத்தனை, ஐந்து சென்ட் எத்தனை என்று கேட்கமாட்டோமா? சான்றுக்கு இரண்டு பேரை எடுத்துக்கொண்டார். புரூக்ளின் அணியின் ஜேக் டாபர்ட், 1915-ல் சராசரி .301. ஃபிலடெல்ஃபியாவின் கேவி கிராவத், .285. சராசரிப்படி டாபர்ட் மேல். ஆனால் டாபர்ட் அடித்த ஹோம் ரன் 2, கிராவத் அடித்தது 24. அந்தக் காலத்தில் 24 என்பது மலைக்க வைக்கிற எண். 1919-ல் பேப் ரூத் வந்து 29 அடிக்கும் வரை இருபதாம் நூற்றாண்டில் அதைத் தாண்டியவர் இல்லை. கிராவத்தின் சொந்த மைதானத்தில் வலப்பக்கச் சுவர் மிக அருகில் இருந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் இந்த இருவரில் டாபர்ட் சிறந்தவர் என்று சொல்கிற ஒரு கணக்கை எந்தக் கடைக்காரரும் ஏற்கமாட்டார்.

லேன் குறைசொல்வதோடு நிற்கவில்லை. 62 ஆட்டங்களில் விழுந்த ஆயிரம் ஹிட்களை வரிசையாக எழுதினார். 789 சிங்கிள், 134 டபுள், 51 டிரிபிள், 26 ஹோம் ரன். ஒவ்வொன்றும் பேட்டரையும் ரன்னர்களையும் எவ்வளவு தூரம் நகர்த்தியது என்று பார்த்து விலை போட்டார்: சிங்கிளுக்கு .457 ரன், டபுளுக்கு .786, டிரிபிளுக்கு 1.15, ஹோம் ரன்னுக்கு 1.55. கணிப்பொறி கிடையாது, புள்ளியியல் பட்டம் கிடையாது, பென்சிலும் பொறுமையும்தான். இந்த எண்களைக் கொஞ்சம் மறக்காமல் வைத்திருங்கள். பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

லேன் சொன்னதை உலகம் கேட்டதா? அரைகுறையாக. சிங்கிளுக்கு ஒன்று, டபுளுக்கு இரண்டு, டிரிபிளுக்கு மூன்று, ஹோம் ரன்னுக்கு நான்கு என்று பேஸ்களைக் கூட்டி வாய்ப்புகளால் வகுக்கும் ஸ்லக்கிங் சராசரி நிலைத்தது. பழையதைவிடத் தேவலை. ஆனால் லேனின் எண்களைப் பாருங்கள். ஹோம் ரன் நான்கு சிங்கிளுக்குச் சமமில்லை; மூன்றரைக்கும் சற்றே குறைவு. டபுள் இரண்டு சிங்கிளுக்குக்கூடச் சமமில்லை. ஏன் அப்படி என்று லேனால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு கனடாக்காரர் வரவேண்டியிருந்தது.

ஜார்ஜ் லிண்ட்சே ராணுவ ஆராய்ச்சியாளர். ஆகாயப் பாதுகாப்புக்குக் கணக்குப் போடுவது அவர் தொழில். பேஸ்பால் பொழுதுபோக்கு. அவர் தந்தை ஓய்வுபெற்ற கர்னல். 1959, 1960 பருவங்களில் நூற்றுக்கணக்கான ஆட்டங்களைப் பந்துக்குப் பந்து குறித்துக் கொடுத்தவர் அந்தக் கர்னல்தான். மகன் ராணுவ மூளையோடு அந்தத் தாள்களை எடுத்து உட்கார்ந்தார். அடி எப்படி விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை. அடிக்கு முன்னால் நிலவரம் என்ன, அடிக்குப் பின்னால் நிலவரம் என்ன என்று பார்த்தார்.

நிலவரம் எத்தனை வகை? மூன்று பேஸ், ஒவ்வொன்றிலும் ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆக எட்டு. அவுட் பூஜ்யம், ஒன்று, இரண்டு. எட்டு மூன்று இருபத்துநான்கு. இந்த 24 நிலைகளில் ஒவ்வொன்றிலிருந்தும் இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வந்தது என்று எண்ணிவிட்டால் ஒரு அட்டவணை கிடைக்கும். டக்வொர்த்-லூயிஸ் முறையில் எத்தனை ஓவர் மிச்சம், எத்தனை விக்கெட் கையில் என்று இரண்டையும் வைத்து அட்டவணை பார்க்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே எண்ணம். லிண்ட்சே இதை 1963-ல் 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்' என்ற ஆய்விதழில் அச்சிட்டார். அந்த மழை விதி கிரிக்கெட்டுக்கு வர இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது.

இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று அடிகளை நாமே விலைபோட்டுப் பார்ப்போம். 2010-ஐ அடுத்த சில ஆண்டுகளின் எண்களை இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கிச் சொல்கிறேன். பேஸ்கள் காலி, அவுட் யாரும் இல்லை: .48 ரன் எதிர்பார்க்கலாம். அதில் ஒருவர் சிங்கிள் அடிக்கிறார். முதல் பேஸில் ஆள், அவுட் இல்லை: .86. ஆகவே அந்த சிங்கிளின் விலை .38. பலகை அசையவில்லை, ஆனால் அணியின் கையில் .38 ரன் சேர்ந்துவிட்டது. அவர் அடிக்காமல் நடந்தே போயிருந்தால்? நிலவரம் அச்சு அசல் அதே. விலையும் .38.

இப்போது மூன்றாம் பேஸில் ஒருவர், இரண்டு அவுட். எதிர்பார்ப்பு .35. சிங்கிள் விழுகிறது: ஒரு ரன் வந்தது, முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார், அந்த நிலைக்கு .22. ஆக 1.22-இல் .35 போக .87. இங்கே வாக் கிடைத்தால்? முதலிலும் மூன்றிலும் ஆள், .48. விலை வெறும் .13. பாருங்கள், அங்கே ஒரே விலை பெற்ற இரண்டும் இங்கே ஆறு மடங்குக்கு மேல் விலகிவிட்டன.

ஹோம் ரன்னுக்கு வருவோம். பேஸ்கள் காலியாக இருக்கும்போது அடித்தால் கணக்கு குழந்தைக் கணக்கு: ஒரு ரன் வருகிறது, நிலவரம் மாறவில்லை, விலை சரியாக 1. மூன்று பேஸிலும் ஆள், அவுட் இல்லை. அப்போது அடித்தால் நான்கு ரன், தொலைக்காட்சியில் அரை மணி நேரம் மறுஒளிபரப்பு. ஆனால் அட்டவணை என்ன சொல்கிறது? அடிப்பதற்கு முன்பே அந்த நிலையின் மதிப்பு 2.29. அடித்தபின் நான்கும் .48-ம். வித்தியாசம் 2.19. மீதியை முன்னால் வந்து பேஸில் ஏறி நின்ற மூன்று பேர் ஏற்கெனவே சம்பாதித்துவிட்டார்கள்! கடைசியாக வந்தவர் பெயரில் நான்கையும் எழுதுவது, வரிசையில் கடைசியில் நின்று வடம் பிடித்தவருக்கே தேரை இழுத்த பெருமை முழுவதையும் கொடுப்பது மாதிரி. அதே அடி இரண்டு அவுட்டில் விழுந்தால் மட்டும் கதை வேறு: மூன்று பேரும் அம்போவாகப் போகவிருந்தவர்கள்; .75-இலிருந்து 4.10-க்குத் தாவுகிறது, விலை 3.35.

ஒரே அடிக்கு 1 முதல் 3.35 வரை விலை. எல்லா நிலவரங்களிலும் அடித்ததைத் திரட்டிச் சராசரி எடுத்தால்? லிண்ட்சேக்குக் கிடைத்தது: சிங்கிள் .41, டபுள் .82, டிரிபிள் 1.06, ஹோம் ரன் 1.42. லேன் ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்பு பென்சிலால் போட்ட விலைகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டிரிபிளுக்கும் ஹோம் ரன்னுக்கும் இடையே ஏன் இவ்வளவு குறைந்த தூரம் என்பதும் விளங்கும். பேஸ்களில் நின்ற ரன்னர்கள் எல்லோரையும் இரண்டு அடியும் வீடு சேர்த்துவிடுகின்றன. வேறுபாடு அடித்தவர் ஒருவர் மட்டுமே, அவரும் மூன்றாம் பேஸில் பாதிக்கு மேல் சம்பாதித்துவிட்டுத்தான் நிற்கிறார்.

லிண்ட்சேயின் கட்டுரையைப் பேஸ்பால் உலகில் ஏறத்தாழ யாரும் படிக்கவில்லை. அதைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தவர் பீட் பாமர். ரேதியான் நிறுவனத்தில் வேலை. அங்குள்ள கணிப்பொறியில் பேஸ்பால் பருவங்களை ஓடவிட்டுப் பார்த்தவர். ஜான் தார்னுடன் சேர்ந்து 1984-ல் வெளியிட்ட 'தி ஹிடன் கேம் ஆஃப் பேஸ்பால்' நூலில் அவருடைய விலைப்பட்டியல் இருக்கிறது: சிங்கிள் .46, டபுள் .80, டிரிபிள் 1.02, ஹோம் ரன் 1.40, வாக் .33, திருடிய பேஸ் (அடி விழாமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) .30, திருடும்போது பிடிபட்டால் கழித்தல் .60. கடைசியில் ஒன்று. பேட்டர் அவுட் ஆனால் கழித்தல் .25.

என் பார்வையில் இந்தப் பட்டியலில் மிக முக்கியமான எண் அந்தக் கடைசி எண்தான். பழைய சராசரியில் அவுட் என்றால் ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவே. பாமரின் கணக்கில் அது நட்டம். ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கும் சேர்த்து 27 அவுட்தான் கையிருப்பு. ஒன்றைத் தொலைத்தால் பின்னால் வருகிற எல்லோருடைய அடியும் மலிவாகிவிடுகிறது. பயிற்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய ஓர் உத்தி உண்டு, சாக்ரிஃபைஸ் பண்ட்: முதல் பேஸில் ஆள் இருக்கும்போது பேட்டர் வேண்டுமென்றே பந்தை மெல்லத் தட்டித் தான் அவுட் ஆகி, அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்துவது. தியாகம் என்று பெயரே வைத்தார்கள். அட்டவணையில் முன்னே .86. பின்னே, இரண்டாம் பேஸில் ஆள், ஒரு அவுட்: .66. தியாகம்தான், சந்தேகமில்லை; .20 ரன்னைத் தியாகம் செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு ரன் போதும் என்கிற கடைசி நேரத்தில் இதற்கு இடமுண்டு. முதல் இன்னிங்ஸிலேயே செய்தால் தண்டம்.

இரண்டு பேரை வைத்து இந்தப் பட்டியலை ஓட்டிப் பார்ப்போம். 2004. அமெரிக்கன் லீக் பேட்டிங் சாம்பியன் சியாட்டிலின் இச்சிரோ சுசுகி, சராசரி .372. ஒரே பருவத்தில் 262 ஹிட். ஜார்ஜ் சிஸ்லர் 1920-ல் வைத்த 257 என்கிற சாதனையை 84 வருடம் கழித்து முறியடித்தார். நேஷனல் லீக் சாம்பியன் சான் ஃபிரான்சிஸ்கோவின் பேரி பாண்ட்ஸ், .362. அவருக்கு ஹிட் 135 மட்டுமே. இச்சிரோவுக்கு ஏறக்குறைய பாதி.

இச்சிரோவின் 262-ஐப் பிரித்தால் 225 சிங்கிள், 24 டபுள், 5 டிரிபிள், 8 ஹோம் ரன். பாமரின் விலையில் சரியாக 139 ரன். 49 வாக்குக்கு 16 சேர்த்து, 442 அவுட்டுக்கு 110-ஐக் கழித்தால் 45 அளவில் நிற்கிறார். 36 பேஸ் திருடி 11 முறை பிடிபட்டார். அதற்கு இன்னொரு நான்கு. பாண்ட்ஸ்: 60 சிங்கிள், 27 டபுள், 3 டிரிபிள், 45 ஹோம் ரன், 115 ரன். அவுட் 238, அதற்கு அறுபதைக் கழியுங்கள். மிச்சம் 55 போல. ஹிட்களை மட்டும் வைத்துப் பார்த்தாலே இச்சிரோவுக்கு ஈடாக வந்துவிட்டார். இனி வாக். அந்த வருடம் பாண்ட்ஸுக்கு 232 வாக்! அதில் 120 எதிரணி வேண்டுமென்றே, இந்த மனிதருக்குப் பந்து போடுவதைவிட நடக்க விடுவதே மேல் என்று கொடுத்தது. அப்படிக் கொடுப்பது எதிரணிக்குத் தோதான நேரம் பார்த்துத்தான் என்பதால் அதற்குப் பாதி விலையே போடுவோம். போட்டாலும் மொத்தம் 110-ஐத் தாண்டுகிறது. சராசரிப் பட்டியலில் இச்சிரோவுக்குக் கீழே இருக்கிறவர், ரன் கணக்கில் அவரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

பாண்ட்ஸின் பெயரோடு ஊக்கமருந்துக் குற்றச்சாட்டும் சேர்ந்தே வரும். எனக்கு அது மறந்துபோகவில்லை. இச்சிரோவின் ஃபீல்டிங் இந்தக் கணக்கில் இல்லை என்பதும் தெரியும். என்னைக் கேட்டால் இச்சிரோ ஆடுவதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குவேன். ஆனால் ரசனை வேறு, ரன் வேறு.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். எல்லா நிலவரத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தது நியாயமா? 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டம், லாஸ் ஏஞ்சலிஸ். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், உள்ளூர் அணி டாட்ஜர்ஸ் 3-4 என்று பின்தங்கியிருக்கிறது. இரண்டு காலிலும் அடிபட்டு, சரியாக நடக்கவும் முடியாத கிர்க் கிப்சன் வந்து டென்னிஸ் எக்கர்ஸ்லியின் பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பினார். 5-4. இதற்கும் 1.40தானா? மே மாதம் பத்து ரன் பின்னால் இருக்கும்போது அடிக்கிற ஹோம் ரன்னும் இதுவும் ஒன்றா?

வெற்றி வாய்ப்பை வைத்துப் பார்த்தால் ஒன்றல்ல. அந்த அடிக்கு முன் டாட்ஜர்ஸ் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்துக்கும் குறைவு. அடிக்குப் பின் நூறு. இப்படி ஒவ்வொரு அடியையும் வெற்றி வாய்ப்பால் அளக்கும் முறையை எல்டன் மில்ஸ், ஹார்லன் மில்ஸ் சகோதரர்கள் 1970-லேயே செய்து காட்டினார்கள். நடந்து முடிந்த கதையைச் சொல்ல அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. கிப்சனுக்கு முன்னால் வந்த மைக் டேவிஸ் வாக் பெற்று, இரண்டாம் பேஸையும் திருடியிருந்தார் என்பதை அந்தக் கணக்கு மறக்காது, மனிதர்கள் மறந்துவிட்டார்கள்.

ஆனால் அடுத்த வருடம் யாரை அணியில் எடுப்பது என்பது வேறு கேள்வி. நெருக்கடியில் மட்டும் கூடுதலாக அடிக்கிற தனித்திறமை ஒருவரிடம் இருக்கிறதா என்று 1977-ல் டிக் கிரேமர் தேடிப் பார்த்தார். ஒரு வருடம் நெருக்கடியில் ஜொலித்தவர் மறு வருடம் அப்படி ஜொலிக்க வேண்டும் என்கிற கட்டாயம் எதுவும் தென்படவில்லை. பின்னால் வந்தவர்கள் நுணுக்கமாகத் தேடி, இருந்தால் மிகச் சிறிதாக இருக்கும் என்கிற அளவுக்கு வந்தார்கள். கிப்சன் அடித்தது அவர் திறமை. அந்த நேரம் அவருக்கு வாய்த்தது மற்றவர்கள் உருவாக்கிய நிலவரம். விலை போடுகிறவர் இரண்டையும் கலக்கக்கூடாது என்பது என் கட்சி.

இந்த விலைப்பட்டியல் சந்தைக்கும் போனது. வாக்குக்கு .33 ரன் என்றால் சிங்கிளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஆனால் இருபத்தைந்து வருடம் முன்பு வரை அதற்குக் கூலி கொடுக்க யாரும் தயாராக இல்லை. ஓக்லண்ட் அணியின் பில்லி பீன் அந்த இடைவெளியில் ஆள் வாங்கினார். 2002-ல் ஓக்லண்டும் நியூயார்க் யாங்கீஸும் ஆளுக்கு 103 ஆட்டம் வென்றன. யாங்கீஸின் சம்பளச் செலவு சுமார் மூன்று மடங்கு. மைக்கேல் லூயிஸின் புத்தகமும் அதைத் தழுவிய படமும் வந்தபின் ரகசியம் தெருவுக்கு வந்தது, மலிவும் போயிற்று.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். பந்தைக் களத்துக்குள் அடிக்காமலே, மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது ஸ்ட்ரைக்அவுட். அது பழைய காலத்தில் அவமானம். பட்டியலில் அதன் விலையைப் பார்த்தால் மற்ற அவுட்டுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் எதற்குப் பயந்து தட்டித் தட்டி ஆட வேண்டும்? ஓங்கி வீசு, விழுந்தால் 1.40, தவறினால் எல்லா அவுட்டையும் போல ஓர் அவுட். 2015 முதல் முப்பது மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகத்தையும் கோணத்தையும் அளக்கத் தொடங்கின. ஃபீல்டர் கையில் போய்விழுந்த நல்ல அடிக்கும், தவறிப்போய் நடுவில் விழுந்த சிங்கிளுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட முடிந்தது. எந்தக் கோணத்தில் தூக்கினால் ஹோம் ரன் என்று பேட்டர்கள் வகுப்பெடுத்துக் கற்றார்கள். 2018-ல் முதன்முறையாக ஒரு பருவத்தில் ஹிட்களைவிட ஸ்ட்ரைக்அவுட் அதிகம். 2019-ல் 6,776 ஹோம் ரன், அதுவரை இல்லாத எண்ணிக்கை. கணக்கு சரி. ஆட்டம்? பந்து களத்துக்குள் வருவதே அரிதாகி, பார்க்கிறவர்கள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். விலையைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள்மேல் இதற்குக் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. விலை பிடிக்கவில்லை என்றால் விதியை மாற்ற வேண்டும், தராசை உடைக்கக்கூடாது.

2023-ல் அதையே செய்தார்கள். ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவித்து நிறுத்துவதற்குத் தடை. சிங்கிளுக்கு வழி கொஞ்சம் திறந்தது. பந்து வீசக் கடிகாரம். பேஸ்களின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது; பேஸ்களுக்கிடையே தூரம் சற்றே குறைந்தது. பிட்சர் ரன்னரைப் பிடிக்க எத்தனை முறை திரும்பலாம் என்பதற்கும் வரம்பு. 2022-ல் 2,486 பேஸ் திருடினார்கள். 2023-ல் 3,503, பத்து முயற்சியில் எட்டு பலித்தது. பாமரின் விலைப்படி, பலித்தால் .30 வரவு, பிடிபட்டால் .60 செலவு, மூன்றுக்கு இரண்டு பலித்தாலே கைக்கு நட்டமில்லை. ஆக, அவர்கள் இன்னும் துணிந்து ஓடலாம் என்றுதான் அட்டவணை சொல்கிறது.